லாவண்யாவின் கையெழுத்து

ஆவடி நோட்டரி அலுவலகத்தில் எனக்கு முன்னால் நாலு பேர் இருந்தார்கள். என் கையில் முத்திரைத்தாள். நான் சொல்ல வேண்டியதை டைப்பிஸ்ட்டே சொல்லி முடித்திருந்தார்: பணியில் இருக்கும்போதே இறந்துபோன என் தந்தை லட்சுமணனின் வாரிசு வேலையை என் தம்பி ஸ்ரீராமுக்கு வழங்குவதில், மகள் லாவண்யாவாகிய எனக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை. கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கேட்டால்தானே கட்டாயப்படுத்த! பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பெரியப்பா, "ஃபேக்டரி வேலை ஸ்ரீராமுக்கு" என்றார். அம்மா தலையாட்டினாள். நான் எல்லோருக்கும் காபி போட்டேன். டிப்ளமோ முடித்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆறு வருடமாக காண்ட்ராக்ட்டில் லேத் மெஷின் முன்னால் நிற்கிறவள் நான். தம்பிக்கு ஸ்பானரைப் பிடிக்கவே தெரியாது. அந்த வேலை எனக்கு வேண்டும். ஆனால் வாயைத் திறந்து சொன்னதில்லை.

பக்கத்தில் இருந்தவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். மகளின் சான்றிதழ் நகல்களோடு வந்திருந்தார். பேனா கேட்டார். கொடுத்தேன். வாங்கும்போதே என் தாளைப் படித்துவிட்டார். அடுத்தவர் தாளைப் படிக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது.

"இதே மாதிரி பேப்பர்லதான் நானும் வேலைக்குப் பூந்தேன், தங்கச்சி" என்றார். "எங்கப்பா செத்தப்போ நாகவல்லி அக்கா கையெழுத்து போட்டுக் குடுத்துச்சு. இருவது வருசமாவுது. அது வேலப்பன்சாவடில காலேஜ் ஹாஸ்டல்ல சப்பாத்தி போட்டுகினு கீது."

"உங்க மேல கோபமா?"

"இன்னா நெனச்சுகினு கீதுன்னே தெரியாது. மாசாமாசம் ஊட்டுக்கு வரும், பசங்களக் கொஞ்சும், போவும். போன தீபாவளிக்குத்தான் கேட்டேன், யக்கா, உனக்கு அந்த வேலை மேல ஆச இருந்துச்சான்னு."

"என்ன சொன்னாங்க?"

"இப்ப வந்து கேக்கறியேடான்னு அழுதுச்சு. அப்பா சாவுக்குக்கூட அது அப்டி அழல."

அடுத்து அறிவுரை வரும் என்று காத்திருந்தேன். வந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கத் தயாராகவும் இருந்தேன். அதற்குள் "உத்தமன்!" என்று கூப்பிட்டார்கள். எழுந்து போனார். முத்திரை வாங்கிக்கொண்டு அப்படியே கிளம்பிவிட்டார், என் பேனாவோடு.

என் முறை வந்தது. நோட்டரி தன் பேனாவை என் பக்கம் தள்ளினார். "ஒரு போன் பண்ணிட்டு வர்றேன் சார்" என்று தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"ஸ்ரீராம், அப்பா வேலை எனக்கு வேணும்டா."

"எனக்கும்தான் வேணும்க்கா" என்றான்.

"தெரியும். அதான் முதல்ல உன்கிட்ட சொல்றேன்."

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"நீ ஏன் கேக்கல?"

அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அழுகிறானோ என்று நினைத்தேன்.

"கையெழுத்துப் போட்டுட்டியா?"

"இல்ல."

"சரி, வீட்டுக்கு வா. சண்டை போடலாம்."

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். பெரியப்பாவை நினைத்தால் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அப்பா போனதிலிருந்து முதல் தடவையாக நன்றாகப் பசித்தது.