மீன்பெட்டித் தரை

மீனை ஐஸ் போட்டு அடைத்து வரும் வெள்ளை ரெஜிபோம் பெட்டிகளைச் சவர்க்காரம் போட்டு இரண்டு தடவை, சுண்ணாம்புத் தண்ணீரில் ஒரு தடவை கழுவி, மூன்று நாள் வெயிலில் காயவைத்தாயிற்று. ஆனாலும் முதல் பெட்டியை மத்தேயு அறுத்தபோது மீன் நாற்றம் குப்பென்று மூக்கில் ஏறியது. பதுளை பஜாரில் மீன்கடை வைத்திருக்கும் ஷுக்ரி சும்மா கொடுத்த பெட்டிகள். “எதுக்கு மத்தேயு இத்தன பெட்டி?” என்று ஷுக்ரி கேட்டான். அக்காவுக்கு ஒரு ரூம், தரையில குளிர் ஏறாம இருக்க, என்றார் இவர். “அக்காவ ஐஸ்ல வக்கிற மாதிரில இருக்கு” என்று சிரித்தான் ஷுக்ரி. அவன் விளையாட்டாகச் சொன்னது ஸ்பிரிங்வெளி தோட்டத்துக்கு பஸ் ஏறி வந்து சேரும் வரைக்கும் மத்தேயுவின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே வந்தது.

ரூம் என்று சொன்னது பெரிய வார்த்தை. அவர்கள் குடியிருக்கும் லயத்து வரிசைவீடுகளுக்குப் பின்னால் இருக்கும் பழைய மாட்டுப்பட்டி அது. மாட்டை விற்ற பிறகு விறகு அடுக்கியிருந்தார்கள். மத்தேயு விறகை வெளியேற்றி, மண்ணைக் கொத்திச் சமப்படுத்தி, மேலே தடித்த பொலித்தீன் விரித்தார். அதன்மேல் மரச்சட்டங்கள், சட்டங்களுக்கு நடுவே ரெஜிபோம், எல்லாவற்றுக்கும் மேலே பலகை. மகன் ஜெசிந்தனின் போனில் ஒரு வெள்ளைக்காரன் செய்து காட்டியதைப் பார்த்துப் பழகிக்கொண்டது. அவனிடம் நீல நிறத்தில் வழவழவென்று அட்டைகள் இருந்தன. இவரிடம் மீன்பெட்டி. ஆனால் ஈரத்தைப் பற்றி அந்த வெள்ளைக்காரன் மத்தேயுவுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முப்பது வருஷம் பெக்டரியில் தேயிலை பெக் பண்ணியவர். ஊசி நுழையும் ஓட்டை போதும், ஈரம் புகுந்து ஒரு மூட்டையையே கெடுத்துவிடும் என்று தெரிந்தவர்.

அதனால் ஒரு இடுக்கும் விடாமல் அடைத்தார். வெட்டிய துண்டுகள் பொருந்தாத இடத்தில் தூளை நசுக்கித் திணித்தார். முழங்கால் கடுத்தது. கடுக்கட்டும் என்று நினைத்தார்.

அக்காவைப் பட்டிக்கு அனுப்புவது என்று முடிவெடுக்க அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதுதான் அவரைத் தின்றது. செபஸ்தியம்மா மழை பெய்தால் தூங்கமாட்டாள். கட்டிலில் படுக்கச் சொன்னால் கேட்கமாட்டாள், வெறும் சீமெந்துத் தரையில்தான் கிடப்பாள். திடீரென்று எழுந்து, “எந்திரிங்க, எந்திரிங்க, வெளிய ஓடுங்க” என்று எல்லாரையும் உலுக்குவாள். காம்பரா என்கிற அந்த அறை ஒன்றுதான், அதில் ஐந்து பேர், அந்த ஐந்தில் ஒன்று இரண்டு மாதக் கைக்குழந்தை. மருமகள் றொஷேல் கெட்டவள் இல்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “மாமா, பிள்ள பயந்து பயந்து அழுவுது. பெரியம்மாவுக்கு பின்னால பட்டிய சரி பண்ணிக் குடுத்தா என்ன?” என்று தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். சரி என்றுவிட்டார். அந்தச் சரி அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது.

அப்படிச் சுலபமாக வந்த இன்னொரு வார்த்தையும் இருந்தது. அக்கா குடியிருந்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிவதற்கு ரெண்டு கிழமைக்கு முன்னால் அக்கா வந்தாள். லயத்துச் சுவரில் வெடிப்பு விழுந்திருக்கு, கொஞ்ச நாளைக்கு நானும் அவரும் இங்க வந்து இருக்கவா, என்று கேட்டாள். ஜெசிந்தன் அப்போது டிசம்பரில் வரும் ஓ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். “கிறிஸ்மஸ் கழியட்டும்க்கா” என்றார் மத்தேயு. வேலைக்குப் பேர் கொடுக்க அக்கா பெரட்டுக்குப் போயிருந்த காலையில் மண் இறங்கியது. அத்தான் சூசை வீட்டில் இருந்தார். அவர் உடம்புகூடக் கிடைக்கவில்லை. கிறிஸ்மஸுக்கு அக்கா மட்டும், தப்பியவர்களை வைத்திருந்த கேம்பில் இருந்தாள்; அதற்குப் பிறகுதான் இங்கே வந்தாள். பத்து வருஷத்துக்கு மேலாகிறது. அந்தப் பேச்சை அவள் ஒரு தடவைகூட எடுத்ததில்லை, எடுத்துத் திட்டியிருந்தால் இவருக்கு எவ்வளவோ தேவலை.

சனிக்கிழமை பின்னேரம் தரை முடிந்தது. பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், கதகதவென்று இருந்தது. மாதா படம் ஒன்றைச் சுவரில் மாட்டிவிட்டு அக்காவைக் கூட்டிவந்தார். வெளியே தூறல் தொடங்கியிருந்தது. செபஸ்தியம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, காலால் பலகையைத் தட்டிப் பார்த்தாள்.

“நல்லா இருக்குடா. சூடா இருக்கு.”

“படுத்துப் பாருக்கா.”

பாயை விரிக்காமலே படுத்தாள். ஒரு பக்கமாகத் திரும்பி, காதைப் பலகையில் அழுத்திக்கொண்டு அசையாமல் கிடந்தாள். மத்தேயு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஒன்றையாவது சரியாகச் செய்துவிட்டேன் என்று ஒரு கணம் நினைத்தார். அவள் மற்றக் காதுக்குப் புரண்டாள். பிறகு எழுந்து உட்கார்ந்தாள். முகம் வெளிறியிருந்தது.

“மத்தேயு, ஒன்னும் கேக்கலடா.”

“என்னக்கா கேக்கணும்?”

“தரை.”

அவருக்கு விளங்கவில்லை. செபஸ்தியம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“அன்னைக்கு நான் பெரட்டுக்குக் கெளம்புறேன். அவரு தரையில படுத்திருந்தாரு. செபஸ்தி, உள்ளுக்குள்ள என்னமோ உருட்டுது, காத வச்சுப் பாருன்னாரு. எலியா இருக்கும், எனக்கு நேரமாச்சுன்னு போயிட்டேன். குனிஞ்சு பாக்கல.” பலகையை உள்ளங்கையால் தடவினாள். “அதுலருந்து நான் கேட்டுக்கிட்டுதான் படுக்குறேன். இதுல படுத்தா மண்ணு பேசுறது எனக்கு எப்புடித் தெரியும்? சின்னப்புள்ள இருக்குற வீடுடா.”

பிடிவாதம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தது இதையா?

“அக்கா, நான் அன்னைக்கு கிறிஸ்மஸ் கழியட்டும்னு…”

“அத நான் அவருகிட்ட சொல்லல. தம்பி வரச் சொல்லிட்டான்னுதான் சொன்னேன். பொட்டியெல்லாம் கட்டி வச்சிட்டாரு, பாவம்.” இவர் பக்கம் திரும்பாமலே சொன்னாள். “ஒன்னைப் பத்தி நல்லபடியா நெனச்சுக்கிட்டுதான் போனாரு.”

அதற்குப் பதில் அவள் இவரை ஓர் அடி அடித்திருக்கலாம். மத்தேயு வெளியே போய், மழையில் நனைந்தபடி சுவர் ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வரும்போது கையில் பலகை அறுக்கும் வாள் இருந்தது. தலை வைக்கும் பக்கத்தில், ரெண்டு சட்டத்துக்கு நடுவில், பென்சிலால் ஒரு சதுரம் கீறினார். நேற்று ஆணி அறைந்த பலகையை அறுத்து எடுத்தார். ரெஜிபோமைத் தோண்டி எடுத்தபோது வெள்ளைத் தூள் பறந்து அவர் தலையிலும் அக்காவின் சேலையிலும் ஒட்டிக்கொண்டது. பொலித்தீனைக் கத்தியால் கிழித்தார். ஈரம் இனி இந்த வழியாக வரும், ரெண்டு மழைக்காலம் போனால் சட்டம் எல்லாம் உளுத்துப்போகும், அவருக்குத் தெரியும். கீழே கருப்பாக மண் தெரிந்தது. குளிர் மேலே வந்து முகத்தில் பட்டது.

செபஸ்தியம்மா அந்தச் சதுரத்தின் ஓரத்தில் படுத்து, காதை மண்ணில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

மழை வலுத்தது. லயத்துப் பக்கம் குழந்தை அழுதது, றொஷேல் ஏதோ சொல்லித் தேற்றுவது கேட்டது. மத்தேயு வாளைக் கீழே வைத்துவிட்டு, வலிக்கும் முழங்காலை மடக்கி, அக்காவுக்கு எதிர்ப்புறமாகப் படுத்தார். சதுரம் சின்னது. அவள் நெற்றியில் இவர் நெற்றி இடிக்காமல் காதை வைக்க இடம் போதவில்லை. அவள் கண்ணைத் திறக்காமலே தலையைக் கொஞ்சம் நகர்த்திக் கொடுத்தாள்.