முப்பதில் ஒரு பங்கு

கொன்ஸ்ரன்ஸ் தன் தையல் டேப்பை நீட்டியபோது சாந்தன் வேண்டாம் என்று தலையாட்டினான். துணி டேப் இழுபடும் என்று சொல்லிப் பையிலிருந்து இரும்பு டேப் ஒன்றை எடுத்தான். கொட்டாஞ்சேனையில் அவளுடைய தோட்டத்துக்கு எதிரே இருந்த பிளட்ஸ் கட்டடத்தின் மொட்டை மாடியில் இருவரும் நின்றார்கள். தோட்டம் என்பது பெயருக்குத்தான். ஒரு முருங்கை கூடக் கிடையாது. ஒடுக்கமான ஒழுங்கையின் இரு பக்கமும் சுவரோடு சுவராக வீடுகள். பிள்ளைகள் பெருகப் பெருக ஒவ்வொருவரும் ஒழுங்கைப் பக்கமாக ஒரு குசினியோ ஓர் அறையோ இறக்கியிருந்தார்கள்.

அந்த இறக்கங்களை அளக்கத்தான், தோட்டத்தை உடைத்து மாடி வீடு கட்டப்போகிற கம்பனிக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். பழைய சுவருக்குள் இருப்பவர்களுக்கு மட்டும்தான் புது மாடியில் வீடு. சுவருக்கு வெளியே ஒழுங்கைக்குள் நீட்டியது கணக்கில் வராது. அதனால் டேப்போடு யார் வந்தாலும் பெண்கள் வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். சுபாஷினி அக்காதான் எப்போதும் முன்னுக்கு நிற்பாள். புருஷனோடும் குழந்தையோடும் தாய் வீட்டு இறக்கத்தில் குடியிருந்தவள் அவள். அந்த அறை இல்லையென்றால் அவளுக்கு எதுவும் இல்லை.

சாந்தன் அந்நியன் இல்லை. அதே ஒழுங்கையில் கொன்ஸ்ரன்ஸோடு பந்தடித்து வளர்ந்து, பிறகு வெள்ளவத்தைக்குப் போய் ஸ்ரூடியோ வைத்தவன். எல்லாம் உடைபடுவதற்கு முன் தோட்டத்தை ஆழம் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து வைக்க வேண்டும் என்று அவன் சொன்னபோது அவள் உடனே சரி என்றாள். ஊரை மறக்காதவன், தன்னையும் மறந்திருக்க மாட்டான் என்று நினைத்தாள்.

ஒரே கமராவை இரண்டு இடத்தில் வைத்து இரண்டு படம் எடுக்க வேண்டும் என்றான். மனிதக் கண்களின் இடைவெளி ஆறரை சென்ரிமீற்றர்தான். அதே இடைவெளியில் எடுத்தால் இவ்வளவு தூரத்து வீடுகள் தட்டையாகத்தான் தெரியும். கிட்ட உள்ள கூரை எவ்வளவு தூரமோ, அதில் முப்பதில் ஒரு பங்கு கமராவை நகர்த்த வேண்டும். முப்பத்தாறு மீற்றர் என்றான். அவள் மனதுக்குள்ளேயே வகுத்து, ஒரு மீற்றர் இருபது என்றாள். அவன் சிரித்தான். அவ்வளவு அகலக் கண் இராட்சதனுக்குத்தான் இருக்கும், அவன் பார்வையில் நம் தோட்டம் உள்ளங்கையில் வைக்கிற விளையாட்டுச் சாமான் மாதிரித் தெரியும் என்றான்.

துணியில் கோடு போடும் சோக்கட்டியால் கைப்பிடிச் சுவரில் இரண்டு கோடு கீறினாள். அவன் டேப்பைப் பிடித்து, மில்லிமீற்றர் வரை வாசிக்கச் சொல்லிப் போனில் பதிந்துகொண்டான். பிறகு அவள் கீழே ஓடினாள். கொடியில் கிடந்த உடுப்புகளை எடுக்கச் சொன்னாள். அவரவர் வாசலில் நின்று, இரண்டாவது படமும் எடுத்து முடியும் வரை அசையக் கூடாது என்றாள்.

பெருநாள் சாரத்தோடு வந்து நின்ற பௌஸி நானா கேட்டார்: "மகள், மையத்து மாதிரி அசையாம நிக்கணுமா? இந்த வயசுல காலே நம்ம பேச்சக் கேக்குதில்லையே."

சுபாஷினி அக்கா குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, தன் இறக்கத்து வாசலில் விறைத்துக்கொண்டு நின்றாள்.

மழைக்காலம் முடிய, கம்பனிப் பெடியன் ஒருவன் வந்தான். அவன் கையில் டேப் இல்லை; யாரும் மறிக்கவில்லை. டப்லட்டைத் திருப்பிக் காட்டினான். திரையில் சாந்தன் எடுத்த படம். எல்லோரும் நன்றாக உடுத்திக்கொண்டு அவரவர் வாசலில் சிரித்துக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொரு இறக்கத்தின் மேலும் ஒரு சிவப்புக் கோடு. கோட்டுக்கு மேல் அதன் நீளம். இரண்டு படத்துக்கும் நடுவிலான தூரம் சரியாகத் தெரிந்தால் உள்ளே வராமலே எதையும் அளக்கலாம் என்று மரியாதையாகவே விளக்கினான். வாசலில் ஆட்கள் நின்றதால் எது யாருடையது என்று கேட்கவும் தேவைப்படவில்லையாம்.

சுபாஷினி அக்கா அவனோடு சண்டை பிடிக்கவில்லை. திரும்பி கொன்ஸ்ரன்ஸைப் பார்த்தாள்.

"உனக்கு எத்தினையாம் மாடிடி தாறாங்கள்?"

கொன்ஸ்ரன்ஸ் வெள்ளவத்தைக்கு பஸ் ஏறினாள். சாந்தன் அவளை உட்காரச் சொன்னான், பிளேன்ரீக்கு ஆளனுப்பினான். ஆசைக்காகத்தான் எடுத்தது, பிறகுதான் கம்பனிக்காரர்கள் கேட்டார்கள், தான் கொடுக்காவிட்டாலும் ட்ரோன் விட்டு எடுத்திருப்பார்கள் என்றெல்லாம் சொன்னான். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கண்ணுக்குப் பாக்கிறதெண்டா கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் போதும்தானே," என்றாள். "மில்லிமீற்றர் ஏன்டா கேட்டனீ?"

அவன் மேசை லாச்சியைத் திறந்து, கண் வைத்துப் பார்க்க இரண்டு கண்ணாடி பதித்த பெட்டியொன்றை எடுத்து அவள் முன் வைத்தான். "படத்தில உனக்கெண்டு ஒரு கொப்பி போட்டு வச்சனான், கொன்ஸி."

பார்க்கக் கூடாது என்று நினைத்தவள் பார்த்தாள். அவன் சொன்னது பொய்யில்லை. ஒழுங்கை ஆழமாக இறங்கிப் போனது. வீடுகள் தீப்பெட்டி அளவில், விரல் நுனியால் தூக்கி வைக்கலாம் போல இருந்தன. பௌஸி நானாவின் கால் மட்டும் ஒரு கண்ணுக்கு ஓரிடத்திலும் மறு கண்ணுக்கு வேறிடத்திலுமாக நடுங்கியது. எல்லோரும் இருந்தார்கள். அவள் இல்லை. அவள் அப்போது கமராவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

பெட்டியை மேசையிலேயே விட்டுவிட்டு வந்தாள்.

பின்னேரம் மொட்டை மாடிக்கு ஏறினாள். படிக்கட்டறைக் கூரையின் நீட்டலுக்குக் கீழே கிடந்ததால் சோக்கட்டிக் கோடுகள் மழையில் கரையவில்லை. எச்சில் தொட்டு முதல் கோட்டை அழித்தாள். இரண்டாவதற்குக் கையைக் கொண்டுபோனபோது கீழே ஒழுங்கை தெரிந்தது. குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு சுபாஷினி அக்கா இறக்கத்து வாசலுக்கு வந்து அண்ணாந்தாள். எப்போதும் கையாட்டுகிறவள். கொன்ஸ்ரன்ஸ் கையைத் தூக்கினாள்.

அன்று சொல்லிக் கொடுத்தபடியே, சுபாஷினி அக்கா அசையாமல் நின்றாள்.