ஏழாம் மாதத்துப் பிள்ளை

பிற்பகல் ஆராதனைக்கு முரசு கொட்டியபோது கெசியா வாட்லின் கையிலிருந்த சோள ரொட்டியை இன்னும் கடித்திருக்கவில்லை. மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சபை வீட்டுக்குள் கணப்பு கிடையாது. ஆண்டவர் சந்நிதியில் குளிர்காய்வது சோம்பேறித்தனம் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் நம்பினார்கள். அதனால் காலை ஆராதனை முடிந்ததும் ஜனங்கள் பக்கத்துக் குடிலில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, கொண்டுவந்த பன்றிக்கறியையும் அவரையையும் தின்றுவிட்டு, மறுபடியும் போய் விறைப்பார்கள். கெசியாவின் புருஷன் ஈனோக்கை மட்டும் காணோம். குதிரைக்குக் கால் நொண்டுகிறது, வந்து பார் என்று அவன் அம்மா மெஹிடபெல் கூட்டிக்கொண்டு போய் வெகு நேரமாகிவிட்டது.

கனெக்டிகட் ஆற்றங்கரையில் இங்கிலாந்து ராஜாவின் பேரால் ஆட்சி நடந்த காலம் அது. இன்று அங்கே வாட்லின் என்று பெயர் வைத்துக்கொண்டு திரியும் எங்கள் அத்தனை பேருக்கும் இந்தக் கெசியாதான் மூத்த தாய். அன்றைக்கு அவளுக்கு இருபது வயது.

ஜூனில் கல்யாணம், ஜனவரியில் பிள்ளை. ஊர் விரல்விட்டு எண்ணாமல் இருக்குமா? பிரசவம் பார்த்த பேஷன்ஸ் கோல் குழந்தையின் நகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏழு மாசத்துக்கே நகம் இவ்ளோ வளந்திருக்கே. ஒம்பது மாசம் இருந்திருந்தா தாடியோடதான் வந்திருப்பா போல" என்றாள். சுற்றியிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் விஷமில்லை. அவர்களில் பாதிப் பேர் அந்த வழியாக வந்தவர்கள்தான்.

அதற்கு ஊரில் ஒரு முறை இருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் சபை நடுவே எழுந்து நிற்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்பே அவசரப்பட்டுவிட்டோம் என்று அறிக்கை செய்ய வேண்டும். சபை மன்னித்துவிடும். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கிடைக்கும். அடுத்த வாரம் யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். மூப்பர் ஹாப்குட்டே வாலிபத்தில் அப்படி நின்றவர். சேர்ந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். நிற்காதவர்களின் பிள்ளைக்குப் போதகர் தண்ணீர் தொட மாட்டார். அந்தக் குளிர்காலத்தில் ஊரில் மூன்று கைக்குழந்தைகள் இருமியே போய்விட்டன. தன் பிள்ளை ஞானஸ்நானம் இல்லாமல் போய்விடுமோ என்று கெசியா ஒவ்வொரு மூச்சையும் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாமியாருக்கு அந்த முறையே பிடிக்கவில்லை. அறிக்கை செய்ய வேண்டிய ஞாயிற்றுக்கு மறுநாள்தான் ஊர்ப்படைக்கு ஈனோக்கைத் தலைவனாகத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். இந்த நேரத்தில் மகன் தலைகுனிந்து நிற்பதா? "கொறமாசத்துல பொறந்துச்சுன்னு சொல்லிட்டுப் போங்களேன். வயித்துக்குள்ள போயி யாரு பாத்தாங்க?"

"பாக்கிறவரு பாத்துட்டுதானே அத்தை இருந்தாரு? பொய்ய சொல்லி வாங்கின ஞானஸ்நானம் பிள்ளைக்கு ஒட்டுமா?" என்றாள் கெசியா.

அன்றிரவு ஈனோக் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "அம்மா கெடக்குது. ரெண்டு பேரும் சேந்தே நிப்போம். ஒரு நிமிஷம் தல குனிஞ்சா முடிஞ்சுது." அந்தச் சொல்லை நம்பித்தான் அவள் இத்தனை நாள் ஊர்ப் பார்வையைப் பொறுத்துக்கொண்டாள்.

குதிரையைப் பார்க்கப் போனவன் நேராகச் சபைக்குள் வந்து ஆண்கள் பக்கம் உட்கார்ந்துகொண்டான். கெசியா பெண்கள் பக்கத்திலிருந்து எத்தனை முறை திரும்பிப் பார்த்தும் அவன் நிமிரவில்லை. மாமியார் முன்வரிசையில், வீட்டிலிருந்து கொண்டுவந்த தணல் பெட்டியின் மேல் கால் வைத்து, நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பிரசங்கம் முடிந்ததும் போதகர் லோவெட் அவர்கள் இருவர் பெயரையும் சொல்லி அழைத்தார். கெசியா குழந்தையோடு எழுந்து நடுப்பாதைக்கு வந்தாள். அறிக்கையைப் போதகர் வாசித்தார்.

"இது உண்மைதானா மகளே?"

"உண்மைதான் ஐயா."

"ஈனோக்?"

ஈனோக் இருந்த இடத்திலேயே பாதி எழுந்தான். கையிலிருந்த தொப்பியைப் பார்த்தே பேசினான். "பிள்ள கொறமாசத்துல பொறந்தது ஐயா. கல்யாணத்துக்கு முன்னாடி நான் அவள தொட்டதில்ல."

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டான். குதிரைக்குப் பக்கத்தில் நின்று அம்மா சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தாயிற்று. கெசியா ஏற்கெனவே ஒப்புக்கொண்ட பிறகு அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அம்மாவும் யோசிக்கவில்லை, மகனும் யோசிக்கவில்லை. சபை யோசித்தது. மேல்மாடத்தில் வாலிபர்கள் கிசுகிசுத்தார்கள், ஒழுங்கு பார்க்கும் கண்காணி தடியால் பலகையைத் தட்டினார். இவள் கல்யாணத்துக்கு முன் கெட்டுப்போனது மெய், ஆனால் இவனோடு இல்லை. அப்படியானால் யாரோடு? ஒவ்வொரு முகமாக அந்தக் கேள்வி பரவுவதைக் கெசியா நின்றுகொண்டே பார்த்தாள்.

அவளுக்கு அழுகை வரவில்லை. புல் அறுப்புக்கு முன்னால், அவன் அப்பாவின் களஞ்சியத்தில், வேண்டாம் வேண்டாம் என்று சொன்னவள் அவள். நான் இருக்கேன்ல என்று சொன்னவன் அவன். இப்போது பத்தடி தூரத்தில் அடுத்தவன் வீட்டுச் சங்கதியைக் கேட்கிறவன்போல உட்கார்ந்திருக்கிறான். தொப்பி விளிம்பை விரலால் நீவிவிடுகிறான்.

போதகர் மூப்பர்களோடு குனிந்து பேசினார். பிறகு நிமிர்ந்து, பாவத்தை அறிக்கை செய்தவளைச் சபை மன்னிக்கிறது, தாயின் அறிக்கையே பிள்ளைக்குப் போதும் என்றார். மூப்பர் ஹாப்குட் ஞானஸ்நானக் கிண்ணத்தில் படிந்திருந்த பனி ஏட்டை விரலால் உடைத்தார்.

"பிள்ளைய கொண்டு வாங்க" என்றார் போதகர்.

எங்கள் வழக்கப்படி தகப்பன்தான் பிள்ளையை ஏந்தி நிற்க வேண்டும். பெயரையும் அவன்தான் சொல்ல வேண்டும். ஈனோக் எழுந்தான். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டான். சங்கடமெல்லாம் முடிந்துவிட்டதுபோல, முகத்தில் கொஞ்சம் வெளிச்சத்தோடுகூட, நடுப்பாதைக்கு வந்து இரண்டு கைகளையும் நீட்டினான்.

"குடு. மெஹிடபெல்னு அம்மா பேர வச்சிரலாம்" என்றான் மெல்ல.

கெசியா குழந்தையைத் தோளோடு சேர்த்துக்கொண்டாள்.

"யாரோட பிள்ளைய தூக்க வர்றீங்க?"

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. ஆனாலும் மாடத்தின் கடைசி வரிசைவரை கேட்டது. முன்வரிசையில் மாமியாரின் கால் தணல் பெட்டியிலிருந்து நழுவியது. பேஷன்ஸ் கோல் தன் இடத்தைவிட்டு எழுந்து நின்றாள், பக்கத்தில் இன்னொருத்தியும் எழுந்தாள். போதகரின் விரல் நுனியிலிருந்து தண்ணீர் கிண்ணத்துக்குள்ளேயே சொட்டிக்கொண்டிருந்தது. ஈனோக் நீட்டிய கைகளை மடக்காமல் நின்றான். அந்தக் கைகளுக்குமேல் அவன் மூச்சு வெள்ளையாக வந்து வந்து கரைந்தது.