கஸ்பர் டொக்ரரின் சடலங்கள்

அப்பாவின் விரல்களுக்கிடையில் செபமாலையைச் செருகிக்கொண்டிருந்தபோது, பின்னால் யாரோ நிற்பது அருள்மலருக்குத் தெரிந்தது. திரும்பினாள். சாம்பல் நிற ஜக்கெற் போட்ட, எழுபதை நெருங்கிய ஒரு பெண். முன்பின் பார்த்த முகமில்லை. பார்வைக்கு வைக்க இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது.

"நேரத்தோடை வந்திட்டன் போல," என்றாள் அந்தப் பெண்.

"பரவாயில்லை அன்ரி. இருங்கோ."

அவள் இருக்கவில்லை. பெட்டிக்குள் கிடந்தவரின் முகத்தையும் பார்க்கவில்லை. அவருடைய வலது கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சனிக்கிழமை காலை அப்பா கஸ்பர் டொக்ரர் நித்திரையிலேயே போய்விட்டார். எழுபத்தெட்டு வயது. ஊரில் ஒரு சின்ன அரசாங்க ஆஸ்பத்திரியில் டொக்ரராக இருந்தவருக்குக் கனடாவில் வைத்தியம் பார்க்க அனுமதி கிடைக்கவில்லை. ஒரு பரிசோதனைக்கூடத்தில் மற்றவர்களுக்கு இரத்தம் எடுத்துக்கொண்டிருந்தவர், அறுபது வயதில் திடீரென்று துப்பறியும் கதை எழுதத் தொடங்கினார். ஸ்காபரோ தமிழ்க் கடை வாசல்களில் இலவசமாக அடுக்கி வைக்கும் வாரப்பத்திரிகை, அவருடைய 'மரண விசாரணை அதிகாரி குலசிங்கம்' வரத் தொடங்கிய பிறகு மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். இருபத்திரண்டு நாவல்கள். அவருடைய கையெழுத்து மகளைத் தவிர வேறு யாருக்கும் விளங்காது. அத்தனையையும் தட்டச்சு செய்தவள் அருள்மலர்தான்.

மரண அறிவித்தல் வானொலியில் போனதிலிருந்து வீட்டுத் தொலைபேசி ஓயவில்லை. அழைத்தவர்கள் சொந்தக்காரர் அல்லர். போர் முடிந்துவிட்டதென்று அறிவித்த கிழமை அது. சொந்தக்காரர்கள் வன்னிக்குள் அகப்பட்டவர்களின் பெயர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அழைத்தவர்கள் எல்லோரும் வயதான பெண்கள். பெயர் சொல்லவில்லை, அழவுமில்லை. ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"பெட்டியைத் திறந்து வைப்பியளோ, மூடி வைப்பியளோ?"

திறந்துதான் என்றதும் வைத்துவிடுவார்கள். நாலாவது அழைப்பிலும் அதே கேள்விதான். புருஷன் அகஸ்ரினிடம் சொன்னாள்.

"கதை வாசிக்கிற ஆக்களா இருக்கும்," என்றான் அவன், தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல். அவனுடைய தம்பி வன்னிக்குள் இருந்தான்.

இப்போது அந்தக் குரல்களில் ஒன்றுதான் முன்னால் நிற்கிறது என்று அருள்மலருக்குப் பட்டது.

"அப்பாவைத் தெரியுமோ அன்ரி?"

"எனக்கு அவரைத் தெரியாது பிள்ளை. என்ர மகனைத்தான் அவருக்குத் தெரியும்."

அருள்நாயகி என்று பெயர் சொன்னாள். பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். அப்பாவின் ஆறாவது நாவல். பலமுறை விரித்த பக்கத்தில் அது தானாகவே திறந்துகொண்டது. அருள்மலருக்கு வாசிக்கத் தேவையிருக்கவில்லை. கிணற்றிலிருந்து எடுத்த சடலம். இடது முழங்காலுக்குக் கீழே பிறை போன்ற தழும்பு. சட்டையின் இரண்டாவது பொத்தான் பச்சை நூலால் தைக்கப்பட்டிருந்தது.

"சைக்கிள் செயின் கிழிச்ச காயம். ஏழாம் வகுப்பிலை," என்றாள் அருள்நாயகி. "பொத்தான் நான் தைச்சது. வெள்ளை நூல் முடிஞ்சுபோச்சு."

அருள்மலர் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எண்பத்தாறாம் ஆண்டு. முகாமுக்குக் கொண்டுபோனவங்கள். ஆறாம் நாள், கிணத்துக்குள்ளை கிடக்கிறான் எண்டாங்கள். தண்ணியிலை மூழ்கிச் செத்தது எண்டு உங்கட அப்பா எழுதிக் கையெழுத்து வைச்சவர். நான் அவரைத் திட்டாத நாளில்லை. பிறகு இஞ்சை வந்து ரெக்ஸ்டேலிலை இருக்கேக்கை, மீன் வெட்டுறதுக்குப் பேப்பரை விரிச்சன். அதிலை என்ர பிள்ளையின்ர கால் எழுதிக் கிடந்தது."

கதையில் குலசிங்கம் சொல்வார்: நுரையீரலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கிணற்றில் போடும்போதே இவன் உயிரோடு இல்லை.

குசினி மேசையில், சோறு வேகும் நேரங்களில் தட்டச்சு செய்த சடலங்கள் ஒவ்வொன்றாக அருள்மலருக்கு நினைவு வந்தன. ஆறு விரல் உள்ளவன். சட்டைப் பையில் பள்ளிக்கூடக் கழுத்துப்பட்டி வைத்திருந்தவன். ஒரு காதில் பஞ்சு அடைத்திருந்தவன். ஏன் இவ்வளவு சின்னச் சின்ன விபரம் என்று ஒருநாள் கேட்டாள். "அப்பிடி எழுதினாத்தான் சனம் நம்பும்," என்றார் அப்பா.

"ஒண்டே ஒண்டைத்தான் கேக்க வந்தனான்," என்றாள் அருள்நாயகி. "கடைசியிலை, தலையிலை விழுந்த ஒரே அடியோடை போயிட்டான், அவனுக்கு ஒண்டும் தெரிஞ்சிருக்காது எண்டு இருக்கு. உது கதைக்காக எழுதினதோ, நடந்ததோ? நீதானாம் பிள்ளை தட்டிக் குடுக்கிறது. பேப்பர்க்காரர் சொன்னவை."

அப்பா எழுதிய அந்தத் தாள் அருள்மலருக்கு நன்றாக நினைவிருந்தது. அந்த இடத்தில் முதலில் வேறு ஒரு பந்தி இருந்தது. எத்தனை நாள், எந்தெந்த விரல்கள் என்று எழுதியிருந்தது. அதன் மேல் இரண்டு கோடு போட்டு, மேலே நெருக்கமாக இந்த ஒரு வரியை எழுதியிருந்தார். எதை அடிக்கிறது அப்பா என்று கேட்டபோது அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "மேலை இருக்கிறதை அடி," என்றார். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.

வெளி நடையில் அகஸ்ரின் தொலைபேசியில் "கலோ, கலோ" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். மறுபக்கத்தில் யாரும் இல்லை போலும். அருள்மலர் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பவுடர் பூசி, உதடுகளைச் சேர்த்து மூடியிருந்தார்கள்.

"நடந்ததுதான் அன்ரி," என்றாள். "அப்பா எனக்கும் அப்பிடித்தான் சொன்னவர்."

குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அது அவளுக்கே பயமாக இருந்தது.

அருள்நாயகி புத்தகத்தை மூடினாள்.

"சரி பிள்ளை. நீ சொன்னாப் போதும்."

பிறகு மெல்ல நடந்துபோய், குடும்பத்தவருக்கென்று ஒதுக்கியிருந்த முன்வரிசையில் அமர்ந்து, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

வாசலில் இன்னும் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒருத்தி. அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர். ஒருவரையொருவர் தெரிந்தவர்களாகத் தோன்றவில்லை. பேசவுமில்லை. மழையில் நனைந்த குடைகளை மடக்கிப் பிடித்தபடி, ஆஸ்பத்திரியில் தங்கள் முறைக்குக் காத்திருப்பவர்கள் போல வரிசையாக நின்றார்கள்.

மண்டபத்து ஊழியன், கறுப்புக் கோட்டுப் போட்ட வெள்ளைக்காரன், சத்தமில்லாமல் அருள்மலருக்குப் பக்கத்தில் வந்தான். இவர்களெல்லாம் குடும்பமா என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

"ஓம்," என்றாள் அவள். அவனுக்கு விளங்காதென்று உணர்ந்து, தலையை ஆட்டினாள்.

அவன் உள்ளே போய், இரண்டு கைகளிலும் மடக்குக் கதிரைகளோடு வந்தான். ஒவ்வொன்றாக விரித்து வைக்கத் தொடங்கினான்.