கொக்கிச் சத்தம்

…டக், இதோ மறுபடியும், கியர் மாற்றினால் ஒரு டக், பிரேக்கில் கால் வைத்தால் இரண்டு டக், பள்ளத்தில் இறங்கினாலோ லொடலொடவென்று பாத்திரக் கடையைக் கவிழ்த்துவிட்ட மாதிரி, இந்தச் சத்தத்தில் மனுஷன் எப்படிப் பேசுவது, அதுவும் நான் பேச வேண்டியது லேசான விஷயமா, மாமா, உங்கள் தொழிலை விட்டு, உங்கள் வீட்டை விட்டு, உங்கள் மகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போகிறேன் என்பதை யாராவது தொண்டை கிழியக் கத்திச் சொல்வார்களா, சண்டை போடுகிற மாதிரி ஆகிவிடாதா… மணி ஒன்பது ஐம்பது. பதினோரு மணிக்குள் குளிர்கிடங்கு மேலாளருக்கு, வேலைக்கு வருகிறேன் என்று, நான் போன் செய்ய வேண்டும். "பதினோரு மணி வரைக்கும் பாப்பேன், அப்புறம் அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவேன், என்னைத் தப்பா எடுத்துக்காதீங்க" என்று நேற்றே சொல்லிவிட்டார், நல்ல மனிதர், தப்பாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. பக்கத்து இருக்கையில் மாமனார் மடியில் பையை வைத்துக்கொண்டு இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருக்கிறார். பின்னால் டிரெய்லரில் அவர் வாடகைக்கு விடுகிற ஜெனரேட்டர், பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக் கட்டட வேலைக்குப் போய்ச் சேர வேண்டும், வேனுக்கும் அதற்கும் நடுவில் இந்தச் சனியன் பிடித்த கொக்கி.

கொக்கியில் கோளாறு ஒன்றுமில்லை, அதுதான் எரிச்சல். வேனுக்குப் பின்னால் ஒரு சதுரக் குழாய், அதற்குள் கொக்கியின் சதுரக் கம்பி, குறுக்கே ஒரு இரும்புப் பின், அவ்வளவுதான், குழாய்க்கும் கம்பிக்கும் நடுவில் நகக்கனம் இடைவெளி, அந்த நகக்கனத்தில்தான் இவ்வளவு ஆட்டம், இவ்வளவு கூச்சல். கழன்றுவிடுமா என்றால் கழலாது, பின் கெட்டியாக இருக்கிறது, விடவும் விடாது, சும்மா இருக்கவும் இருக்காது… கிரீஸ் வைத்தேன், ஒரு நாள் அடங்கியது. டியூப் ரப்பரை மடித்துச் சொருகினேன், இரண்டாவது வேகத்தடையில் தெறித்து விழுந்தது. "பாத்துப் பண்ணுங்க மாப்ள" என்பார் மாமனார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, பதினோரு வருஷமாக அதே நான்கு சொல், இல்லை மூன்று சொல், ஒருநாளும் ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டதில்லை, ஒருநாளும் நீ என்று சொன்னதில்லை, நீங்க, வாங்க, சாப்பிடுங்க. திட்டியிருந்தால் ஒரே வாரத்தில் பெட்டியைத் தூக்கியிருப்பேன். மரியாதை கொடுக்கிறவரிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சண்டை பிடிப்பது? வீட்டோடு மாப்பிள்ளை. முடி வெட்டுகிறவர் முதல் தபால்காரர் வரைக்கும் தெருவே என்னை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுகிறது, ஊருக்கெல்லாம் மாப்பிள்ளையா நான்? போன மாதம் வங்கியில் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் உட்கார்ந்திருந்தேன், வெட்கக்கேடு.

குளிர்கிடங்கில் என் பேரை ஒரு அட்டையில் அச்சடித்துச் சட்டையில் குத்திக்கொள்ளச் சொல்வார்களாம்… அதற்காகவா போகிறேன்? அதற்காகவும்தான், என்ன இப்போ! காலையில் குழந்தைக்குச் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே என் மனைவி சொன்னாள், "நான் எங்கேன்னாலும் வர்றேங்க. ஆனா அப்பாகிட்ட நீங்கதான் சொல்லணும், சொல்லிட்டுத்தான் அங்க சரின்னு சொல்லணும். வேற யார் மூலமாவது தெரிஞ்சா அவரு உடைஞ்சு போயிடுவாரு." நீ சொல்லேன், உன் அப்பாதானே, என்றேன். "எனக்கு அப்பா, உங்களுக்கு மாமா, இதுல எது கஷ்டம்னு நீங்களே யோசிச்சுக்குங்க" என்று சிரித்தாள், அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பயமும் இருந்தது, நான் சொல்ல மாட்டேன் என்கிற பயமா, சொல்லிவிடுவேன் என்கிற பயமா, பத்து வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியும் இது தெரியவில்லை பார். டக். மணி பத்து ஐந்து. இருபக்கமும் லாரி, நடுவில் நான், முந்தவும் முடியாது, ஒதுங்கவும் முடியாது, டிரெய்லரை வைத்துக்கொண்டு திரும்பிப் போகலாமா என்று நினைத்தால் அதற்கே அரை மைல் இடம் வேண்டும்.

"மாமா" என்றேன். லொடலொட. "மாமா!" அவர் காதைக் கொண்டுவந்தார். "என்ன மாப்ள?" அவருடைய காதோரம் நரைமுடி இரண்டு மழிக்காமல் நீட்டிக்கொண்டிருந்தது, பக்கத்தில் பார்த்ததும் என்னவோ போலாகிவிட்டது, போன வருஷம் மூட்டுவலி வந்ததிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று மழிக்க அவரால் முடிவதில்லை, உட்கார்ந்தபடிதான்… "ஒண்ணுமில்ல மாமா, வெயில் அதிகமா இருக்கு." "ஆமாமா" என்றார். வெயிலா! அட மடையா, வெயிலைச் சொல்லவா இரண்டு தடவை கூப்பிட்டாய்? இல்லை, இப்படி வேலைக்கு ஆகாது, முதலில் சத்தத்தை நிறுத்த வேண்டும், அமைதியாகப் பக்குவமாகச் சொல்ல வேண்டிய விஷயம் இது, சத்தம் நின்றால் சொல்லிவிடலாம், சொல்லியே தீருவேன், இது என் மேல் சத்தியம். எடைமேடைக்கு எதிரே சாலை அகலமாக இருந்தது, ஓரங்கட்டி நிறுத்தினேன், மணி பத்து இருபது.

கீழே இறங்கிச் சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு வருவதற்குள் மாமனாரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கியிருந்தார், நீங்க உக்காருங்க மாமா என்றால் கேட்கிற ஆளா. இருக்கைக்கு அடியிலிருந்த கருவிப்பெட்டியை அவரே இழுத்துத் திறந்து துழாவி ஒன்றை எடுத்தார், "இது என்னத்துக்கு மாப்ள? புதுசா இருக்கே." ஐயோ. இரண்டு துளை போட்ட இரும்புத் தகடு, வளைந்த போல்ட், இரண்டு நட்டு. நானே அறுத்து, துளைபோட்டு, வர்ணம்கூட அடித்து வைத்தது, குளிர்கிடங்கு நேர்காணலுக்குப் போய்விட்டு வந்த மறுநாள், பத்து நாளாகப் பெட்டியிலேயே கிடக்கிறது, மாட்ட கால்மணி நேரம் ஆகாது… ஏன் மாட்டவில்லை? "கொக்கியை இறுக்கிப் பிடிக்கிறதுக்கு மாமா. செஞ்சேன், மறந்துட்டேன்." மறந்தேனா நான்? தினமும் அந்தப் பெட்டியைத் திறக்கிறவன். குழாயையும் கம்பியையும் சேர்த்து வளைபோல்ட்டைக் கீழிருந்து கொடுத்து, மேலே தகட்டை வைத்து, நட்டை விரலால் ஓட்டிவிட்டு ஸ்பேனரை எடுத்தேன். "இருங்க, எனக்குக் காமிங்க" என்றார் அவர். கையைப் பின்னால் கட்டவில்லை, குனிந்து, மூட்டு கடக்கென்று சொடுக்க, என் தோளைப் பிடித்து உட்கார்ந்தார். "ரெண்டையும் சமமா இறுக்கணுமா, ஒண்ணை முடிச்சிட்டு இன்னொண்ணா?" மாத்தி மாத்தி மாமா, கொஞ்சம் இங்கே, கொஞ்சம் அங்கே, இல்லன்னா தகடு சாய்ஞ்சிரும். "எவ்வளவு நாளைக்கு ஒருதரம் பாக்கணும்?" மாசம் ஒருதரம் போதும். "சரி சரி. நீங்க இல்லாதப்ப எவனாச்சும் கேட்டா சொல்லணும்ல" என்று ஸ்பேனரை என் கையிலிருந்து வாங்கிக் கடைசிச் சுற்றை அவரே இறுக்கினார், நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு. கொக்கியைப் பிடித்து உலுக்கினேன். அசையவில்லை.

கல்லை எடுத்துப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். முதல் கியர், இரண்டாவது, ஒன்றுமில்லை. வேகத்தடை, ஒன்றுமில்லை, டயர் உருளும் சத்தம் மட்டும், மாமனார் மூச்சுவிடுவது கூடக் கேட்கிறது. "அடேயப்பா" என்றார். மணி பத்து நாற்பத்திரண்டு. இப்போது சொல். இதோ அந்தப் பெட்ரோல் பங்க் தாண்டியதும். தாண்டிவிட்டது. பாலம் வரட்டும், பாலத்தின் மேல் வண்டி ஓட்டும்போது கவனம் சிதறக் கூடாது, பாலம் முடியட்டும்… நீங்க இல்லாதப்ப என்றாரே. நான் எப்போது இல்லாமல் இருந்தேன்? காய்ச்சலில் கிடந்தபோதுகூட வேலைக்காரப் பையன்கள் ஜன்னல் வழியாகக் கேட்டு வேலை செய்தார்களே தவிர, பதினோரு வருஷத்தில் ஒரு நட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று அவர் கேட்டதுண்டா? மாதம் எத்தனை தடவை பார்க்க வேண்டும் என்று? ஐயோ, இவருக்குத் தெரியும். யார் சொன்னார்கள், அவள் சொல்லியிருக்க மாட்டாள், என் முகத்தைப் பார்த்தே… எத்தனை நாளாகத் தெரியும்? தெரிந்துகொண்டா காலையில் எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்தார், வழக்கமாக வராத மனிதர்? தெரியுமென்றால் நல்லதுதானே, பாதி வேலை முடிந்தது, ஆமாம் மாமா என்று ஒரு சொல் போதுமே, வாயைத் திறந்தேன். "மாமா…" அவர் திரும்பினார். முழுசாக, பையோடு, உடம்பையே திருப்பி என்னைப் பார்த்தார். "சொல்லுங்க மாப்ள." மணி பத்து ஐம்பத்து மூன்று. "பின்னால இடது சக்கரத்துல காத்து கம்மியோன்னு தோணுது மாமா." என் குரல்தான். காலையில் நான்கு சக்கரமும் நானே அளந்து பார்த்தேன், நான்கும் சரியாக இருந்தன. அவர் மடியிலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்தார். "நிறுத்துங்க, பாத்துருவோம்" என்றார்.

நிறுத்தினேன். அவர் இறங்கி, காலைத் தாங்கித் தாங்கி நடந்து போய், டயரை இரண்டு தடவை உதைத்துப் பார்த்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். "கல்லு மாதிரி இருக்கு மாப்ள" என்று அங்கிருந்தே சொன்னார், கத்தத் தேவையிருக்கவில்லை, நன்றாகக் கேட்டது. அப்புறமும் வந்து ஏறவில்லை, டிரெய்லரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, வெயிலில், சாலையைப் பார்த்தபடி நின்றார், நான் இறங்கி வருவதற்காகத்தான் நிற்கிறார், வேறெதற்கு நிற்பார், கதவில் கை வை, இறங்கு, பத்தடிதான், போய்ப் பக்கத்தில் நின்றால் போதும், நீ பேசக்கூட வேண்டாம், அவரே கேட்டுவிடுவார்… மணி பத்து ஐம்பத்தேழு, நான் குனிந்து இருக்கைக்கு அடியில் காற்று பார்க்கிற மீட்டரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.