குராமொச்சிக்கு வேண்டியிருந்த பதில்

பயிற்சியாளர் குராமொச்சியின் பேஸ்பால் அணியில் பையன்களுக்குத் தெரிந்த பதில் ஒன்றே ஒன்றுதான்: "சரிங்க சார்!" தொப்பியைக் கழற்றிக்கொண்டு தொண்டை கிழியக் கத்தவேண்டும். ஜப்பானின் அகிதா மாகாணப் பள்ளிக்கூட மைதானங்களில் அதற்குப் பெயர் ஒழுக்கம். அதை ஊட்டி வளர்த்தவரும் அவர்தான்.

போன கோடையில் அந்த ஒழுக்கம், அணிக்குப் பந்து எறிந்த மிசாவாவின் கையைத் தின்றுவிட்டது. "கை எப்படிடா இருக்கு?" என்று கேட்டபோதெல்லாம் "நல்லா இருக்குங்க சார்!" என்றான். முழங்கையில் தசைநார் அறுந்த பிறகுதான் உண்மை வெளியே வந்தது.

"முன்னாடியே ஏன்டா சொல்லல?"

"உங்ககிட்ட எப்படி சார் முடியாதுன்னு சொல்றது?"

மிசாவா இனி பந்து எறியமாட்டான். குராமொச்சிக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. இன்னொரு பிள்ளையை இப்படி வீணாக்கினால் தன் பயிற்சியாளர் சீருடையைக் கழற்றிவிடுவது என்று முடிவு கட்டினார். ஆனால் பையன்கள் மாறினால்தானே!

"நான் தப்பா சொன்னா எதிர்த்துப் பேசணும், புரியுதா?"

"சரிங்க சார்!"

"நாளைக்கு சூரியன் மேற்கே உதிக்கும்டா. என்ன சொல்றீங்க?"

"சரிங்க சார்!"

அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

இந்த வருடம் பந்து எறிபவன் நருசே. இரண்டாம் ஆண்டு மாணவன், வாயே திறக்காத பிள்ளை. மாகாண அரையிறுதி வரை அணியை இழுத்து வந்ததே அவன் கைதான். கடைசி இன்னிங்ஸில் ஒரு ரன் முன்னிலை. எதிரணியில் இரண்டு பேர் ரன்னுக்கு ஓடத் தயாராக பேஸில் நின்றார்கள். இன்னும் ஒருவனை அவுட் ஆக்கிவிட்டால் இறுதிப்போட்டிக்குப் போகலாம். அப்போதுதான் நருசேயின் முகம் வெளிறியிருப்பது குராமொச்சியின் கண்ணில் பட்டது.

பள்ளிப் போட்டிகளில் பயிற்சியாளர் மைதானத்துக்குள் கால் வைக்கக்கூடாது. சேதி கேட்டுவர ஒரு பையனைத்தான் அனுப்பலாம். அனுப்பினார். போனவன் ஓடிவந்து, "கை நல்லா இருக்காம் சார்!" என்றான். மிசாவாவும் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

நருசே இன்னொரு பந்து போட்டான். பிறகு நடுவரிடம் கையைத் தூக்கிவிட்டு, அத்தனை கூட்டமும் பார்த்திருக்க, நேராக பெஞ்சுக்கு நடந்து வந்தான். அப்படி யாரும் வந்ததாகக் கேள்விப்பட்டதே இல்லை.

"பொய் சொல்லிட்டேன் சார். முழங்கை வலிக்குது. என்னால முடியாது."

"இன்னொரு தடவை சொல்லுடா."

"முடியாது சார்." பையன் அழுதான்.

அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு. "உட்காரு. ஐஸ் வை" என்று மட்டும் சொன்னார்.

மாற்றாக இறங்கிய ஹோஷினோவின் பந்தை எதிரணி இடதுகைக்காரன் வெளுத்து வாங்கினான். இரண்டு ரன், ஆட்டம் போச்சு. பையன்கள் வரிசையாக நின்று ரசிகர்களுக்குத் தலைவணங்கி விசும்பினார்கள். பள்ளி முதல்வர் பார்வையாலேயே எரித்தார். குராமொச்சிக்கு அதெல்லாம் உறைக்கவே இல்லை. நருசேயை நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

"லேசா இழுத்திருக்கு, அவ்வளவுதான்" என்றார் டாக்டர். "ஓய்வு குடுத்தா இலை உதிர்ற காலத்துல திரும்பப் போடலாம். இன்னைக்கு இன்னும் கொஞ்சம் போட்டிருந்தா கதையே வேற."

அப்பாடா! குராமொச்சி வாசலில் நின்று நன்றாக மூச்சு விட்டார். நெஞ்சில் ஒரு வருடமாக உட்கார்ந்திருந்த பாறை இறங்கிவிட்டது.

பஸ்ஸில் அணி காத்திருந்தது. இருவரும் ஏறியதும் கேட்சர் இபுக்கி எழுந்து நின்றான்.

"சார், ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"ஹோஷினோவை இறக்கினது உங்க தப்பு. இடதுகைக்காரனுக்கு அவன் பந்துன்னா அல்வா சாப்பிடற மாதிரி."

பின்சீட்டிலிருந்து ஹோஷினோவின் குரல் வந்தது. "ஆமா சார். எனக்கே உதறல் எடுத்துச்சு."

"தெரிஞ்சா அப்பவே ஏன்டா சொல்லல?"

"சொன்னா கேட்டிருப்பீங்களா?" என்றான் இபுக்கி.

குராமொச்சி யோசித்துப் பார்த்தார். "கேட்டிருக்க மாட்டேன்."

பையன்கள் கொல்லென்று சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவனாக ஆரம்பித்தான். அந்த வருடம் அவர் செய்த தப்பெல்லாம் வெளியே வந்தது. பள்ளிக்கூடம் வந்து சேரும்வரை குராமொச்சி வாங்கிக் கட்டிக்கொண்டே வந்தார், வாயெல்லாம் பல்லாக.