சகலையின் சீக்வென்சர்

லிப்ட் மெக்கானிக்குக்குச் சகலைமேல் பொறாமை வந்தது காராலோ வீட்டாலோ அல்ல. எட்டுக் குமிழ் வைத்த ஒரு பெட்டியால்.

சீக்வென்சர் என்று பெயர். ஒவ்வொரு குமிழிலும் ஒரு சுருதி வைத்தால், குமிழுக்கு ஒன்றாக எட்டு விளக்கும் வரிசையாக எரிந்து, சின்தசைசர் என்ற மின் இசைக்கருவியை அந்த எட்டுச் சுருதியிலும் திரும்பத் திரும்ப ஒலிக்கவைக்கும். உதிரிபாகங்களாகத்தான் விற்பார்கள், நாமே ஈயத்தால் பற்றவைத்துக்கொள்ள வேண்டும். முதலில் வாங்கியவர் மெக்கானிக்தான். பார்த்து ஆசைப்பட்டுச் சகலையும் வாங்கினார். சகலைக்குப் பேக்கரியில் கேக்மேல் கிரீம் பூ வைக்கிற வேலை. பற்றவைக்கிற அயர்னை எப்படிப் பிடிப்பது என்று மெக்கானிக்கிடமே போனில் கேட்ட ஆள்.

அந்த ஆளின் பெட்டி சுவிட்சைப் போட்டதும் பாடியது. மெக்கானிக்குடையது ஐந்தாவது விளக்கைத் தாண்ட மறுத்து முதலுக்கே ஓடியது.

"தங்கச்சி வீட்ல நல்லா வருதாமே?" என்றாள் மனைவி, துணி மடித்தபடி.

"குருட்டு அதிர்ஷ்டம்."

"வயித்தெரிச்சல்னு சொல்லுங்க."

அந்த வாரமே சகலை எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டார். மாமனாரும் வந்திருந்தார். மற்றவர்கள் அடுக்களையில் இருந்தபோது மெக்கானிக் மூடி போடாத அந்தப் பெட்டியைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். ஈயப் புள்ளிகள் ஒவ்வொன்றும் கேக் ஓரத்துக் கிரீம் மணிகள்போல ஒரே அளவு. இருபது வருஷம் ஒயரோடு மல்லுக்கட்டிய தன் கைக்கு இது வரவில்லையே! நகத்தை நுழைத்து, சாக்கெட்டில் இருந்த சிப்பை ஒரு பக்கம் லேசாக நெம்பிவிட்டு, பெட்டியை இருந்த இடத்தில் வைத்தார்.

சாப்பாடு முடிந்து எல்லாரும் கூடினார்கள். சகலை சுவிட்சைப் போட்டார். ஒரு விளக்கும் எரியவில்லை.

"காலையில பாடுச்சே!" சகலையின் முகம் சுண்டிப்போனது. சட்டென்று திரும்பினார். "சகலை, நீங்க கொஞ்சம் பாருங்களேன். எனக்கு இதுல என்ன தெரியும்?"

மெக்கானிக் பார்ப்பதுபோல் பார்த்தார். சிப்பை அழுத்தினார். பெட்டி பாடியது.

"கை வச்ச உடனே வந்துடுச்சு பாரு!" என்றார் மாமனார். கொழுந்தியாள் கை தட்டினாள். எத்தனை நாளாக ஏங்கிய பாராட்டு! மெக்கானிக் பெட்டியைவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"உங்களுது இதைவிடப் பிரமாதமா இருக்கும்," என்றார் சகலை, கொஞ்சமும் வஞ்சனை இல்லாமல். "எப்ப காட்டப் போறீங்க?"

மனைவி இவர் முகத்தையே பார்த்தாள்.

"அது அஞ்சோட நின்னுடுது சகலை," என்றார் மெக்கானிக். பிறகு, யாரும் கேட்காமலே, "உங்க சிப்பைக் கிளப்பிவிட்டதும் நான்தான். பொறுக்கல."

பெட்டி மட்டும் பாடிக்கொண்டே இருந்தது. மாமனார் செருமினார். சகலைக்குக் காது சிவந்தது.

"சிப்பு கருகியிருந்தா?" என்று மட்டும் கேட்டார்.

பத்து நாள் பேச்சு இல்லை. அதற்கப்புறம் ஒரு சாயங்காலம் சகலை பூதக்கண்ணாடியோடு வந்து நின்றார். "எடுங்க உங்க பெட்டியை." எத்தனையாவது விளக்கோடு முதலுக்குத் திரும்புவது என்று தீர்மானிக்கும் சுவிட்சில், சொட்டிய ஈயம் பக்கத்துக் கம்பிக் காலையும் சேர்த்துப் பிடித்திருந்தது. மெக்கானிக் அதை உருக்கி எடுத்தார். எட்டு விளக்கும் ஓடின.

"நல்லாயிருக்கு," என்றார் சகலை.

நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் மெக்கானிக்கின் கண் அந்த முண்டும் முடிச்சுமான ஈயப் புள்ளிகளிலேயே நின்றது. சகலையுடையது இன்னும் அழகு என்று மனசு முணுமுணுத்தது. இந்தத் தடவை அதை வாய்விட்டே சொல்லிவிட்டார்.